எல்லைக் கல்லிலிருந்து

ஜனவரி 4, வியாழன்

இந்த டைரி சுற்றுலாத் திட்டப் பயிற்சிக்குப் போன பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தது. மற்றவர்கள் வீட்டில் இது அடுப்புப் பற்றவைக்கப் போகும். நான் எழுதுவேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். குருவத்தாய் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று வாத்தியார் பரீட்சைத் தாளை ஊர் சாவடியில் ஒட்டி வைத்தார். வயது அறுபத்தாறு ஆகியும் கை நடுங்கவில்லை.

இன்று அதே சாவடியில் கூட்டம். திட்ட அலுவலகத்திலிருந்து பிரசன்னா சார் மூன்று மணி நேரம் மலையேறி வந்தார். இந்த மலையில் ஒரே ஒரு ஊரைக் கிராமச் சுற்றுலாவுக்கு எடுக்கப் போகிறார்களாம். நாங்கள், இல்லையென்றால் நாவலோடை. எடுத்துவிட்டால் பாதைக்குப் படிக்கட்டு வரும், வீடுகளுக்குக் குளியலறை வரும். வருகிறவர்கள் எங்கள் வீட்டில் தங்கி எங்கள் சோற்றைச் சாப்பிடுவார்கள். எல்லாவற்றையும் ஊர்க் குழுவே பார்த்துக்கொள்ள வேண்டும். குழுத் தலைவர் என் மகன் ராமராசு. நானும் உறுப்பினர்.

சார் கேட்டார், "அருவி நாவலோடையிலயும் இருக்கு. காபித் தோட்டமும் இருக்கு. நெல்லிவரையில மட்டும் இருக்கிறது என்ன?"

குதிரைக்காரர் சடையாண்டிதான், "எங்க ஊர்ல அட்டை ஜாஸ்தி சார். ஒரு ஆளுக்கு ஒம்பது கடிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. நாவலோடைத் தாளை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். "எங்க ஊருக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டோம் சார்."

அவர் பேனா நின்றது. "ஊருக்குள்ளன்னா, எங்கயிருந்து?"

"எல்லைக் கல்லுல இருந்து."

"வெளியூர்க்காரங்க வந்தாலுமா?"

"கலெக்டரே வந்தாலும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். காலணி அணியாத கிராமம் என்று எழுதி, வாசித்தும் காட்டினார். ராமராசு என்னை ஒரு மாதிரி பார்த்தான். என் கொழுந்தன் பெண்டாட்டி அங்குத்தாய் இருமினாள். பனிக் காலம், அவளுக்கு இருமல் உண்டு.

ஜனவரி 6, சனி

ராமராசு எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் மூங்கிலில் நாலு தட்டு கட்டிவிட்டான். நாற்பத்திரண்டு வீட்டுச் செருப்பும் அதில் போய் உட்கார்ந்துவிட்டது. சடையாண்டியின் பூட்ஸ் மட்டும் தனியாகக் கீழே. எஸ்டேட்டில் வாங்கியது, எருமை மாதிரி இருக்கிறது.

அங்குத்தாய் தண்ணீருக்குப் போகும் வழியில் பிடித்துக்கொண்டாள். "கன்னிமார் கோயில் தெருவுல கழட்டுறத ஊர் பூராவுக்கும் ஆக்கிப்புட்டீகளேக்கா."

"என் மாமியா காலத்துல இந்த ஊர்ல யார் கால்ல செருப்பு இருந்துச்சு, சொல்லு பாப்போம்" என்றேன்.

"அப்ப வாங்க வழியில்ல."

"இருந்துச்சா, இல்லையா?"

"இல்ல."

அவ்வளவுதான். யாரிடமும் செருப்பு இல்லாத ஊர், செருப்புப் போடாத ஊர்தானே. நான் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் பழைய காலத்தைச் சொன்னேன்.

ஜனவரி 9, செவ்வாய்

காபிப் பழம் பறிப்பு. பனிக்குக் கால் மரத்துக் கிடக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 11, வியாழன்

மருமகள் செல்வராணி வீடு துடைக்கும்போது அடுப்படியிலிருந்து புழக்கடை வரைக்கும் பழுப்புப் பொட்டுப் பொட்டாக இருக்கிறதே, என்ன அத்தை என்றாள். காபிப் பழச் சாறு என்றேன். குனிந்து பார்த்துவிட்டுத் துடைத்தாள்.

அவள் போன பிறகு பார்த்தேன். இடது காலில் பெருவிரலுக்கு அடியில் ஒரு பாட்டில் சில்லு. போன மாதம் அருவிக்கு வந்த பையன்கள் உடைத்துப் போட்டதாக இருக்கும். எப்போது ஏறியதோ. சுண்டுவிரல் நகம் அளவு. பிடுங்கிப் போட்டுவிட்டு மஞ்சள் குழைத்து அப்பித் துணி கட்டினேன். வலியே இல்லை. வலி இல்லாத புண்ணைப் புண் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பேத்தி கவிநிலா கீழே விடுதியில் எட்டாவது படிக்கிறாள். நேற்று வந்தாள். பள்ளிக்கூடத்து ஷூவை எல்லைக் கல்லில் கழற்றச் சொன்னதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்பத்தா, போன பொங்கலுக்கு வாசல் வரைக்கும் போட்டுக்கிட்டுத்தான வந்தேன்?"

"அப்ப நீ சின்னப் புள்ள."

"போன வருசம் ஏழாவது."

"ஏழாவது சின்னப் புள்ளதான்."

பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். பொங்கல் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கம்.

ஜனவரி 18, வியாழன்

மாதம் ஒரு தடவை சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிற நர்சு அருள்மேரி வந்தாள். அவளையும் கல்லிலேயே கழற்ற வைத்துவிட்டார்களாம். முள் குத்திய காலோடு வந்தாள். ஆனாலும் கோபப்படவில்லை, நல்ல பெண்.

இந்தத் தடவை சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் கால் பார்க்கிறாளாம். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையை எடுத்துப் பாதத்தில் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு, தெரியுது, தெரியுது என்றேன். கண்ணை மூடுங்க என்றாள். மூடினேன்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது."

"நான் இன்னும் தொடவே இல்லம்மா" என்றாள்.

அதன் பிறகு துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். மருந்து வைத்துக் கட்டினாள். "நாளைக்கே கீழ ஆஸ்பத்திரிக்கு வரணும். சர்க்கரைக்காரங்களுக்குன்னு ஒரு கறுப்புச் செருப்பு இருக்கு, குதிரையில குடுத்து விடுறேன். வீட்டுக்குள்ள நடந்தாலும் அதப் போட்டுத்தான் நடக்கணும். இனிமே வெறுங்கால் ஒங்களுக்குக் கிடையாது."

"அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி ஊரப் பாத்து முடிவு பண்ணப் பெரிய குழு வருதும்மா. ஊரே அதுக்காகக் காத்துக் கெடக்கு. அது முடியட்டும், வந்திர்றேன்" என்றேன். "மகன்கிட்ட சொல்லிராத. மருமககிட்டயும்."

"நான் சொல்ல மாட்டேன். காலு சொல்லும்" என்றாள்.

மாத்திரையும் ஒரு வாரத்துக்கு ஏதோ கேப்சூலும் கொடுத்திருக்கிறாள். சாப்பிடுகிறேன். மறப்பதில்லை, அநேகமாக.

ஜனவரி 20, சனி

பிரசன்னா சார் படம் எடுக்கிறவரைக் கூட்டிவந்தார். கீழே சாலை ஓரத்தில் பெரிய போர்டு வைக்கப் போகிறார்களாம். ஊரில் எத்தனையோ பெண்கள் இருக்க, என்னைத்தான் கூப்பிட்டார்கள். முகத்தை எடுக்கவில்லை, காலை மட்டும் எடுத்தார்கள். கல் பாதையில் பனி ஈரத்தோடு வெறுங்கால்.

"ரெண்டு காலையும் முன்ன வைங்க பாட்டி" என்றார் அவர்.

"ஒத்தக் கால்தான் லட்சணம்" என்றேன். வலது காலை முன்னே வைத்து இடதைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். என் கால் அழகாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னார். கால் விரல் பிரிந்து, வெடிப்பு விழுந்து, மலையில் நடந்த கால். எஸ்டேட் துரைச்சாணிகளுக்கு இந்தக் கால் வருமா.

ஜனவரி 23, செவ்வாய்

சடையாண்டி ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். "நர்சம்மா குடுத்துச்சு. கனமாத்தான் இருக்கு. வெத்தல மாதிரி தெரியல."

"மருந்து" என்றேன்.

பொய் இல்லை. அதுவும் மருந்துதான். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன். பின்னால் வார் வைத்தது. மெத்தென்று இருக்கிறது. நாலு எட்டு நடந்தேன். வெளியே ராமராசு குரல் கேட்டது, கழற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

குழு முடியட்டும்.

ஜனவரி 26, வெள்ளி

கிராம சபைக் கூட்டத்தை இந்தத் தடவை எங்கள் ஊரிலேயே வைத்தார்கள். பெண்கள்தான் அதிகம். முறை வைத்து விருந்தினர்களை வீட்டுக்கு அனுப்புவது, யார் வழிகாட்டிப் போவது, குப்பையை யார் கீழே இறக்குவது என்று பேசிக்கொண்டே வந்தோம். கடைசியில் செருப்பு.

சடையாண்டி எழுந்தார். "காபி மூட்ட ஏத்திக்கிட்டு வெறுங்காலோட எறங்கச் சொல்றீகளே, எனக்குக் குதிரக் குளம்பா இருக்கு?"

"எல்லைக்கு அங்கிட்டுப் போட்டுக்கோ மாமா" என்றான் ராமராசு.

"ஊருக்குள்ளயும் முள்ளுதான் மாப்ள இருக்கு. எல்லைக் கல்லப் பாத்துட்டு அது மொளைக்கல."

சிரிப்பு. ஆனால் சிரித்தவர்கள் எல்லோருக்கும் அதே எண்ணம்தான் என்று முகத்தில் தெரிந்தது. இப்படியே விட்டால் பன்னிரண்டாம் தேதி எவன் காலில் என்ன இருக்குமோ. அதனால் நான் சொன்னேன், ஊருக்குள் செருப்புப் போடுகிற வீட்டுக்கு விருந்தினர் முறை கிடையாது என்று எழுதுவோம். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். பிறகு சரி என்றார்கள்.

அங்குத்தாய் எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. "சீக்காளிக இருந்தா என்ன செய்வாகக்கா? கால்ல நோவு உள்ளவுக?"

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வராணி தரையைப் பார்த்தாள்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். "இந்த ஊர்ல எந்தக் காலு செருப்புக் கேக்குது? கேக்குற காலு முன்னால வரட்டும்."

ஒரு காலும் வரவில்லை.

தீர்மானப் புத்தகத்தில் என்னையே எழுதச் சொன்னார்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

ஜனவரி 29, திங்கள்

உடம்பு கொஞ்சம் சூடு. காய்ச்சல் இல்லை. அறையில் ஒரு வாடை வருகிறது, எலி செத்திருக்கும். சாம்பிராணி போட்டேன். பெட்டியை எல்லாம் நகர்த்திப் பார்த்தேன், எலி கிடைக்கவில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

செல்வராணி மூன்று நாளாகச் சாயங்காலம் ஒரு சட்டியில் வெந்நீர் வைத்து உப்புப் போட்டு என் அறையில் வைத்துவிட்டுப் போகிறாள். எதற்கு என்றேன். பனிக்கு நல்லது அத்தை என்றாள். என் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து, துவைத்து, மடித்து அலமாரியில் வைத்திருக்கிறாள். அடுப்படித் துணிக்காக இருக்கும்.

நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 5, திங்கள்

பெரிய குழு வருமுன் வெள்ளோட்டமாகக் கோயமுத்தூரிலிருந்து நாலு பேரை அனுப்பியிருந்தார்கள். பிரசன்னா சாரும் கூட வந்தார். எல்லைக் கல்லில் வரவேற்கப் போயிருந்தோம். மூன்று பேர் கழற்றிவிட்டார்கள். நாலாவது ஒரு அம்மா, மங்களகௌரி என்று பேர், பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குச் சர்க்கரைங்க. வெறுங்கால்ல ஒரு எட்டுக்கூட வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. துணி வேணாச் சுத்திக்கறேன், செருப்போட விடுவீங்களா?"

அவர் காலில் கறுப்புச் செருப்பு. பின்னால் வார் வைத்தது.

ராமராசு என்னைப் பார்த்தான். சார் என்னைப் பார்த்தார். நான் எழுதிய தீர்மானம்.

"அப்பன்னா மேல வர முடியாதும்மா" என்றேன்.

அந்த அம்மா சரிங்க என்றார். அவ்வளவுதான் சொன்னார். மற்ற மூவரும் மேலே போக, அவர் பலா மரத்தடியில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் மலையேறி வந்தவர். தனியாக விடக்கூடாது என்று நானும் உட்கார்ந்தேன். காபி வரவழைத்துக் கொடுத்தேன். எத்தனை பிள்ளைகள், என்ன வகுப்பு எடுத்தீர்கள் என்று பேசினோம். தமிழ் எடுத்தாராம். நான் ஐந்தாவது என்று சொன்னேன், அதிலும் முதல் என்று சொன்னேன்.

பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். "உங்க கால்ல கட்டு நனஞ்சிருக்குங்களே."

சேலையை இழுத்து மூடினேன். "பனி."

மத்தியானம் ஒரு மணி. வெயில் சுட்டெரித்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது கையைப் பிடித்து, "எனக்கு ரெண்டு விரல் இல்லீங்க. நானும் பனின்னுதான் சொல்லிட்டு இருந்தேன்" என்றார்.

சோற்றில் கை வைக்க முடியவில்லை இன்று.

பிப்ரவரி 8, வியாழன்

பெருவிரல் கறுத்திருக்கிறது. காபிக் கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பக்கத்து விரலிலும் கறை.

பத்து மணிக்கு அங்குத்தாய் வந்தாள். கதவைச் சாத்தினாள். நான் கட்டிலில் இருந்தேன், காலைப் போர்வைக்குள் வைத்திருந்தேன்.

"காட்டுங்கக்கா."

"என்னத்த?"

"ஊருக்கே தெரியும்க்கா. செல்வராணி தெனமும் புழக்கடையில துணி அலசுறா, அந்தத் தண்ணி எங்க வீட்டுப் பக்கமாத்தான் வருது. சடையாண்டிக்குத் தெரியும், அந்த ஆளு பொட்டலத்த அமுக்கிப் பாத்திருக்கான். நீங்க வாயத் தொறக்குற வரைக்கும் யாரும் தொறக்க மாட்டாக. ஒங்க மொகத்துக்காக."

"ராமராசுக்கு?"

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்குமா தெரியும்?"

"தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்" என்றாள். "பன்னெண்டு வரைக்கும்."

என்னமோ கோபம் வந்துவிட்டது எனக்கு. "நீதான அன்னிக்கு இருமுன. பேசுறதுதான? சாரு எழுதுறதுக்கு முன்னால, அப்படியில்ல சார், கோயில் தெரு மட்டும்தான்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லியிருந்தா ஒங்கள யாரு சமாதானம் பண்றது? மூணு வருசம் பேசாம இருந்திருப்பீக என்கிட்ட." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அழுதாள். நான் காலைக் காட்டவில்லை. நாலு நாள்தானே என்றேன். நாவலோடைக்காரர்கள் சிரிக்கும்படி ஆகக் கூடாது என்றேன். அவள் போர்வையின் ஓரத்தை மடித்து ஒழுங்காக வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 10, சனி

குளிர் நடுக்கம். எழுத்து கோணுகிறது. இதற்கு முன் கோணியதில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய். கீழே ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும், நாளைக்கு எப்படி இருப்பேனோ.

நேற்றுக் காலையில் கண் விழித்தபோது அந்தக் கறுப்புச் செருப்பு கட்டிலுக்குக் கீழே இருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் நான் வைத்தது. துடைத்து, ஜோடியாக, நான் காலை இறக்கினால் நேராக அதில் விழுகிற மாதிரி வைத்திருந்தது. செல்வராணி அடுப்படியில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு என்றைக்கிலிருந்து தெரியும் என்று இப்போது யோசிக்கிறேன். பழுப்புப் பொட்டுகளைத் துடைத்த அன்றே தெரிந்திருக்கும்.

பத்து மணிக்குக் குழு சாவடிக்கு வந்துவிட்டது. இரண்டு ஆண்கள், ஒரு பெண், பிரசன்னா சார். நாலு பேரும் வெறுங்காலோடு வந்தார்கள். ஊரே வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தது. என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட ஆள் வந்தது.

நான் போட்டுக்கொண்டேன்.

வீட்டிலிருந்து சாவடிக்கு நூறு அடி இருக்கும். கல் பாதையில் அந்தச் செருப்பு டப் டப் என்று அடித்தது. நாற்பது நாளாக ஊருக்குள் கேட்காத சத்தம். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ராமராசு எழுந்து பாதி வழி வந்தான். "யம்மா, வேணாம். உள்ள போங்க" என்றான் மெதுவாக. அவன் கண் என் காலில் இல்லை. வேண்டுமென்றே வேறு எங்கோ பார்த்தான். அங்குத்தாய் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"வழிய விடுடா" என்றேன்.

அந்தக் குழுப் பெண் கேட்டார், "நீங்கதான போர்டுல இருக்கிற கால்?"

"வலது காலு மட்டும்" என்றேன். "இடது கால நான் மறச்சுட்டேன். எங்க ஊர்ல கன்னிமார் கோயில் தெருவுல மட்டும்தான் செருப்புப் போட மாட்டோம். ஊர் பூராவும் போட மாட்டோம்னு சொன்னது நான் ஒருத்தி. எல்லைக் கல்லுல இருந்துன்னு சொன்னதும் நான்தான். எம்மகனோ ஊர்க்காரவுகளோ சொல்லல. அவுக எம்பேச்சுக்குக் கட்டுப்பட்டு முள்ளுல நடந்தாக. போன வாரம் ஒரு டீச்சரம்மா மலையேறி வந்து எல்லையிலயே உக்காந்துட்டுப் போனாக. அதுவும் என்னாலதான்."

பிரசன்னா சார் பேனாவை மூடிவிட்டார். அது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வயது குறைந்த பிள்ளை, எங்களுக்காக எவ்வளவு அலைந்தது.

இன்னும் பேச இருந்தேன். சாவடித் தூண் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான்தான் சாய்ந்திருக்கிறேன். அங்குத்தாய் மடியில் தலை இருந்தது. யாரோ கட்டை அவிழ்த்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. நான் பார்த்தேன்.

டோலி கட்டினார்கள். போர்வையும் மூங்கிலும். செல்வராணி காலைத் திரும்பக் கட்டிக் கறுப்புச் செருப்பையும் மாட்டிவிட்டாள். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்குவது வழக்கம். அந்த எட்டுப் பேரும் எல்லைக் கல்லுக்கு ஓடிப் போய்த் தங்கள் தங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு சாவடி வாசலுக்கே வந்து நின்றார்கள். சடையாண்டி அந்த எருமை பூட்ஸோடு. குழுக்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

தூக்கினார்கள். ஊருக்குள் அத்தனை செருப்புச் சத்தம்.

வழக்கமான பாதையில் டோலி திரும்ப இடம் இல்லை, கோயில் தெரு வழியாகத்தான் இறங்க வேண்டும். தெரு முனையில் நின்றுவிட்டார்கள். ராமராசு, "நேரமாகுது, நடங்க மாமா" என்றான். "இருடா மாப்ள" என்றார் சடையாண்டி. தோளில் மூங்கிலை வைத்தபடியே, ஒரு கையால் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து உதறினார். மற்றவர்களும் உதறினார்கள். பின்னால் வந்த பெண்கள் அத்தனை செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். நானும் குனிந்து என்னுடையதைக் கழற்றப் போனேன்.

அங்குத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எதுக்குக் கழட்டுறீக? ஒங்க காலு தரையிலயா இருக்கு?"

சடையாண்டி திரும்பாமலே சொன்னார், "சரியான சட்டம்தான் அது."

அப்படியே கோயில் தெருவைக் கடந்தோம். அவர்கள் வெறுங்காலோடு, நான் செருப்போடு. ராமராசு முன்னால் தூக்கினான். கீழே சாலை வரும் வரைக்கும் தோள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

நாளை விரலை எடுக்கிறார்கள். இரண்டா, அதற்கு மேலா என்று திறந்து பார்த்துத்தான் தெரியுமாம்.

பிப்ரவரி 17, சனி

மூன்று எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. இன்னும் நாலு நாள் கழித்து வந்திருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எந்த நாலு நாள் என்று அவருக்குத் தெரியாது.

மத்தியானம் ராமராசு வந்தான். நாவலோடை முந்திவிட்டதாம். ஆனாலும் அந்தக் குழுப் பெண், ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசி உள்ளது உள்ளபடி எழுதி இருபதாம் தேதிக்குள் கொடுத்தால் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். கிடைக்கும் என்று சொல்லவில்லை. பார்க்கிறோம் என்றுதான். நேற்றுக் கூட்டம் போட்டார்களாம், அங்குத்தாய் தலைமையில். படிவத்தைக் கொண்டுவந்திருந்தான். ஊருக்கே உரிய வழக்கம் என்ற இடத்துக்கு எதிரே காலியாக விட்டிருந்தார்கள்.

"அத ஒங்களக் கேட்டு எழுதச் சொல்லிச்சு சித்தி" என்றான். முகம் பார்க்காமல்தான் பேசினான்.

"எம்பேச்சக் கேட்டதெல்லாம் போதாதா?"

"அதான் நானும் சொன்னேன். அக்காவக் கேக்காம எழுதுனா மூணு வருசம் பேசாதுடாங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எழுதிக்கோ" என்றேன். "கோயில் தெருவில் மட்டும் செருப்புப் போட மாட்டோம். நடக்க முடியாதவர்கள் வந்தால் தூக்கிக்கொண்டு போவோம்."

"ரெண்டாவது வரி வழக்கம் இல்லையேம்மா. எல்லா மலையிலயும்தான் தூக்குறாக."

"தூக்குறாகள்ல? எழுது."

எழுதினான். அவன் கையெழுத்து சுமார்தான். கோயமுத்தூர் டீச்சர் நம்பர் பிரசன்னா சாரிடம் இருக்கும், வாங்கிக் கொடு என்றும் சொல்லியிருக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

நாளைக் காலையில் முதல் தடவையாகக் கட்டுப் பிரிக்கிறார்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கணும் பாட்டி என்று இங்கே உள்ள நர்சு சொன்னாள்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.